அடுக்களைத் துறவி

செல்வத்தால் வரும் செருக்கைப் பிறர் எளிதிற் காண்பர். கல்வியால் வரும் செருக்கைச் சான்றோர் கண்டு திருத்துவர். வழிபாட்டால் வரும் செருக்கோ காண்டற்கு அரியது. நன்றாகச் செபித்தோம் என்று மகிழ்வதும், நன்றாகச் செபிக்க இயலவில்லையே என்று மனம் உடைவதும் ஆகிய இரண்டும் அச்செருக்கின் கிளைகளே. இரண்டிலும் மனம் இறைவனை விடுத்துத் தன்னையே நோக்கி நிற்கின்றது. இவ்வுண்மையை ஏட்டிற் படித்தறியாமல் அடுப்படியில் நின்று உணர்ந்தவர் ஒருவர் உண்டு. அவரே, பதினேழாம் நூற்றாண்டில் பாரிசு மாநகரில் வாழ்ந்த சகோதரர் லாரன்சு.

இவர்தம் இயற்பெயர் நிக்கோலாசு எர்மான். இன்று பிரான்சு நாட்டின் கிழக்குப் பகுதியாக விளங்கும் லொரேன், அந்நாளில் தனிச் சிற்றரசாக இருந்தது. ஆங்கு லூனவீல் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில், 1614ஆம் ஆண்டினை ஒட்டி, எளிய குடியில் இவர் பிறந்தார். கல்வி மிகுதியாக வாய்க்கவில்லை. பதினெட்டாம் வயதில், பனிக்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்து நின்ற மரம் ஒன்றைக் கண்டார். சின்னாளில் அம்மரம் மீண்டும் தளிர்த்துப் பூத்துக் காய்க்கும் அன்றோ என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்தது. வெறுங்கிளைகளைத் தளிர்ப்பிக்கும் இறைவன்பால் அன்று தோன்றிய அன்பு, பின்னர் ஒருநாளும் குன்றவில்லை.

அக்காலத்தில் ஐரோப்பாவை முப்பதாண்டுப் போர் அலைக்கழித்துக்கொண்டிருந்தது. அப்போரில் எர்மானும் வீரராகச் சென்று காயமுற்றார். படையை விட்டு நீங்கியபின், செல்வர் ஒருவரிடம் ஏவலராக அமர்ந்தார். தம் கை பட்ட பொருளெல்லாம் உடைந்துபோகும் என்று பின்னாளில் அவரே நகைத்துக் கூறுவார். 1640ஆம் ஆண்டில் பாரிசிலிருந்த கார்மேல் சபையின் துறவு மடத்தில் சேர்ந்து, லாரன்சு என்னும் பெயர் பூண்டார். தம் குறைகளுக்கெல்லாம் அங்கே தக்க தண்டனை கிடைக்கும் என்று எதிர்பார்த்தே சென்றார். குருப்பட்டத்திற்குரிய கல்வி இல்லாமையால், உடலுழைப்புக்குரிய தொண்டர் சகோதரராகவே அவரை ஏற்றனர். சமையற் பணி அவர் பொறுப்பாயிற்று. அப்பணியில் அவருக்கு இயல்பாகவே வெறுப்பு இருந்தது. ஆயினும் பதினைந்தாண்டுகள் அடுக்களையில் உழைத்தார்.

அடுக்களையின் வெப்பத்தினும் கொடியதொரு வெப்பம் அவர் உள்ளத்தில் இருந்தது. மடத்தில் அமைதியாக இருந்து தியானிப்பதற்கெனக் குறித்த வேளைகள் உண்டு. அவ்வேளைகளில் அவர் மனம் ஒருநிலைப்படாது. சிதறிய எண்ணங்களை விரட்டுவதும் மீண்டும் அவற்றில் வீழ்வதுமாகவே பொழுது கழியும். பழைய பிழைகள் நினைவில் வந்து வருத்தும். இறைவன் தம்மைக் கைவிட்டனனோ என்னும் அச்சமும் தோன்றும். இந்நிலை ஏறத்தாழப் பத்தாண்டுகள் நீடித்தது. முடிவில், வாழ்நாள் முழுதும் இத்துயர் தொடரினும் தொடர்க, இறைவன்பால் கொண்ட அன்பினால் அதனையும் பொறுப்போம் என்று துணிந்தார். அமைதி வேண்டும் என்ற ஆசையையும் அவர் விட்டபோதே அமைதி வந்து சேர்ந்தது.

அதன்பின் அவருடைய செபம் மிக எளியதாயிற்று. வாய் பேசாத இரவலன் ஒருவன் செல்வர் வாயிலில் நிற்பதுபோல, ஏதும் இல்லாதவராய் ஆண்டவர் திருமுன் நின்றார். மனம் அலைந்தால் தம்மைக் கடிந்துகொள்ளாமல் மெல்ல அதனைத் திருப்புவார். தவறு செய்தால், தம்மைத் தனியே விட்டால் இப்படித்தான் செய்வோம் என்று இறைவனிடம் ஒப்புக்கொண்டு, மீண்டும் பணியில் முனைவார். செயல் நன்றாய் முடிந்தால், அது தம்மால் ஆனதன்று என்று நன்றி கூறுவார். சட்டியில் வேகும் முட்டையைப் புரட்டுவதும், தரையிற் கிடக்கும் துரும்பை எடுப்பதும் அவருக்கு வழிபாடாயின. ஒரே நேரத்தில் பலர் பலவற்றைக் கேட்டுக் கூவும் அடுக்களையிலும், நற்கருணையின்முன் முழந்தாளிட்டாற்போன்ற அமைதி அவரிடம் நிலவிற்று.

மடத்திற்குத் திராட்சைமது வாங்கிவர அவரைத் தொலைவிற்கு அனுப்பியதும் உண்டு. வாணிகத் திறமை அவருக்கு இல்லை; காலும் ஊனம். படகில் மிடாக்களின்மேல் உருண்டே நகர்வார். ஆயினும் அதற்கு அவர் நாணவுமில்லை, நோகவுமில்லை. முதுமையில் மடத்தாரின் மிதியடிகளைச் செப்பனிடும் வேலையை மகிழ்ந்து செய்தார்.

அவர் புகழ் மெல்லப் பரவிற்று. 1666ஆம் ஆண்டு முதல் போபோர் என்னும் குருவானவர் அவரை அணுகி உரையாடித் தெளிவு பெற்றார். பின்னாளில் பேராயராகி இலக்கியப் புகழ் பெற்ற பெனலோனும், நோயுற்றிருந்த அவரைக் கண்டு, அந்நோயிடையும் குன்றாத அவர்தம் மகிழ்ச்சியை வியந்தார். தம் வழிபாட்டைப் பற்றி எழுதுமாறு ஒருவர் வற்புறுத்தியபோது, கடிதத்தைப் பிறருக்குக் காட்டலாகாது என்ற உறுதியின்மேல்தான் லாரன்சு எழுதினார். 1691ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் உயிர் நீத்தார். அதன்பின் போபோர் அவர்தம் கடிதங்களையும் உரையாடல்களையும் தொகுத்து வெளியிட்டார். மறைக்க விரும்பிய அச்சொற்களைக் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இன்றும் போற்றிப் பயில்கின்றனர்.

பணிவு என்பது தன்னைத் தாழ்த்திப் பேசுதல் அன்று. தன் குறையை உள்ளவாறு அறிந்தும், அதனால் தளராது நிற்பதே உண்மைப் பணிவாம். வீழ்ந்தவன் தன் வீழ்ச்சியையே எண்ணிக் கிடத்தலினும், எழுந்து தன் கடமையை ஆற்றுதலே சிறப்பு. பத்தாண்டுத் துயரில் சகோதரர் லாரன்சு கற்ற பாடம் இதுவேயாகும்.