கரைசலில் வெளிப்பட்ட அணுவின் இரகசியம்: பிரெடெரிக் சொடியின் வாழ்வு

உப்பும் மணலும் கலந்துவிட்டால் அவற்றைப் பிரித்தெடுக்க நீர் ஒன்றே போதும். உப்பு கரையும், மணல் அடியில் தங்கும், வடித்த நீரை வற்றச் செய்தால் உப்பு மீண்டும் கிடைக்கும். பாடசாலை மாணவர் செய்துபார்க்கும் இந்த எளிய முறையைக் கொண்டே, அணு என்றும் மாறாதது என்ற நெடுங்கால நம்பிக்கையைத் தகர்த்த இருவருள் ஒருவர் பிரெடெரிக் சொடி. அப்பணி நடைபெற்ற இடம் கனடாவின் மொன்றியல் நகரம்.

சொடி 1877ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் நாள் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ண் நகரில் ஒரு தானிய வணிகரின் மகனாகப் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். ஒக்ஸ்போர்ட்டில் இரசாயனவியல் கற்று 1898இல் முதல் வகுப்பில் தேறினார். 1900ஆம் ஆண்டில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பதவியொன்றை நாடிக் கடல் கடந்து வந்த அவருக்கு அது கிட்டவில்லை. எனினும் மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகம், ஆய்வுகூடத்தில் மாணவருக்குச் செய்துகாட்டும் சிறிய பதவியொன்றை அளித்தது. தேடி வந்தது கைகூடாத நிலையில் கிடைத்த இச்சிறு பணியே அவரது வாழ்வின் திருப்புமுனையாயிற்று.

அக்காலத்தில் மக்கிலில் பௌதிகவியற் பேராசிரியராக விளங்கியவர் நியூசிலாந்தில் பிறந்த ஏர்ணஸ்ட் ரதர்போட். 1901இல் அங்கு நடைபெற்ற விவாதமொன்றில், இரசாயனவியலாளரின் மாறாத அணுவுக்காக சொடி அவரை எதிர்த்து வாதிட்டார். ஆனால் அதே ஆண்டின் பிற்பகுதியில் இருவரும் இணைந்து தோரியத்தை ஆராயத் தொடங்கினர். தோரியம் கண்ணுக்குப் புலப்படாத கதிர்களை வெளிவிடும் உலோகம். அக்கதிர்த்தொழிற்பாடு எங்கிருந்து வருகின்றது என்பதே அவர்கள் முன் நின்ற வினா.

விடையைக் கரைசலே தந்தது. ஓர் அயன் சேர்வை நீரில் கரையும்போது அது மறைந்துபோவதில்லை. மின்னேற்றம் கொண்ட அயன்களாகப் பிரிகின்றது, நீர் மூலக்கூறுகள் ஒவ்வோர் அயனையும் சூழ்ந்துகொள்கின்றன. கரைசலில் உள்ள அயன்கள் வேறோர் அயனுடன் சேர்ந்து நீரில் கரையாத சேர்வையாக மாறினால், அது வீழ்படிவாக அடியில் படியும். சொடி தோரியம் நைத்திரேற்றுக் கரைசலில் அமோனியாவைச் சேர்த்தார். தோரியம் ஐதரொட்சைட்டாக வீழ்படிந்தது. வடித்த நீரில் தோரியம் இல்லை. ஆனால் அந்நீரை வற்றச் செய்து எஞ்சிய உப்புக்களை வெப்பத்தால் அகற்றியபோது, மிகச் சிறிதளவான, ஆனால் பெருமளவு கதிர்த்தொழிற்பாடு கொண்ட மீதி கிடைத்தது. அதற்குத் தோரியம் எக்ஸ் எனப் பெயரிட்டனர்.

நத்தார் விடுமுறைக்குப் பின்னர் 1902இல் அவற்றை மீண்டும் அளந்தபோது வியப்புக் காத்திருந்தது. தோரியம் எக்ஸ் தன் ஆற்றலை இழந்திருந்தது; தோரியமோ இழந்த ஆற்றலை மீளப் பெற்றிருந்தது. ஒன்றின் தேய்வும் மற்றதன் வளர்ச்சியும் ஒரே வேகத்தில், ஏறத்தாழ நான்கு நாட்களுக்குப் பாதி என்ற கணக்கில் நிகழ்ந்தன. தோரியம் ஓயாது புதிய பொருளைத் தோற்றுவிக்கின்றது, அதாவது ஒரு மூலகம் இன்னொன்றாக மாறுகின்றது என்பதே இதன் பொருள். மாறாத அணுவுக்காக வாதிட்ட சொடியின் கைகளாலேயே அதன் மாற்றம் நிறுவப்பட்டது.

1903இல் மொன்றியலை விட்டு நீங்கிய சொடி, 1904 முதல் கிளாஸ்கோவில் பணியாற்றினார். அங்கே கரைசல் வேறொரு பாடத்தைப் புகட்டியது. கதிர்த்தொழிற்பாட்டில் வேறுபட்ட சில பொருட்களை எவ்வாறு கரைத்தாலும் வீழ்படிவாக்கினாலும் பிரிக்க முடியவில்லை. திணிவு வேறாயினும் இரசாயன இயல்பில் அவை ஒன்றே என 1913இல் அவர் விளக்கினார். ஒரே இடம் எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரை அவற்றுக்கு எடுத்துக்கொடுத்தவர் மார்கரெட் ரொட் என்னும் பெண் மருத்துவர். அதுவே தமிழில் சமதானி எனப்படுகின்றது. மொன்றியலில் அவர் பிரித்த தோரியம் எக்ஸ் உண்மையில் ரேடியத்தின் ஒரு சமதானியே.

இக்கருத்துக்குச் சான்று தேடிய சொடிக்கு உதவியது எமது இலங்கை மண்ணாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. தோரியம் செறிந்த இலங்கைக் கனிமங்கள் அக்காலத்தில் உலக விஞ்ஞானிகளின் கவனத்தைக் கவர்ந்தன. இலங்கைத் தோரைற்றிலிருந்து பெற்ற ஈயம் சாதாரண ஈயத்திலும் கனமானது என்பதை 1914, 1915ஆம் ஆண்டுகளில் சொடி காட்டினார். அடர்த்தியில் வேறுபாடு நூற்றுக்கு 0.26 மட்டுமே, ஆயினும் ஒரு மூலகத்தின் அணுக்கள் யாவும் ஒரே திணிவுடையன என்ற கொள்கையை அச்சிறு வேறுபாடு அசைத்தது.

1921ஆம் ஆண்டுக்கான இரசாயனவியல் நோபல் பரிசு சொடிக்கு வழங்கப்பட்டது. 1919 முதல் 1936 வரை ஒக்ஸ்போர்ட்டில் பேராசிரியராக இருந்த அவர், பொருளாதாரத்தையும் விஞ்ஞானிகளின் சமூகப் பொறுப்பையும் பற்றி அதிகம் எழுதினார். அணுவினுள் உறங்கும் பேராற்றலை முன்னரே எடுத்துரைத்த அவர், 1945இல் ஹிரோஷிமா அழிந்ததையும் காண நேர்ந்தது. 1956ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள் பிறைற்றன் நகரில் அவர் காலமானார்.

கரைத்தல், வடித்தல், வற்றச் செய்தல் என்பன விஞ்ஞானப் பாடத்தின் முதற் படிகள். அவற்றைப் பொறுமையுடன் செய்து, வடித்தாளில் தங்கியதோடு நின்றுவிடாமல் வடிந்த நீரையும் ஆராய்ந்ததே சொடியின் சிறப்பு. புலம்பெயர்ந்த நாடுகளில் விஞ்ஞானம் பயிலும் எமது பிள்ளைகள் மனங்கொள்ள வேண்டிய பாடமும் இதுவேயாகும்.