ஏக்கர் ஒரு ரூபாய்: ஊட்டியில் தோட்டம் போட்ட கோவை கலெக்டர்

மேட்டுப்பாளையம் மண்டியில் இன்று ஏலம் போகும் ஊட்டி கேரட், உருளைக்கிழங்கின் கதை, ஒரு கோவை கலெக்டரின் வீட்டுத் தோட்டத்துக்குப் போய் நிற்கிறது. அவர் பெயர் ஜான் சல்லிவன்.

1788-ல் லண்டனில் பிறந்தவர். டீன் ஏஜிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு மெட்ராஸ் வந்து, 1815-ல் கோவை கலெக்டர் ஆனார். அப்போ நீலகிரி தனி மாவட்டம் கிடையாது, கோவையோடுதான் இருந்தது. 1819-ல் அவர் மலையேறினார். கூடவே நோயோடு வந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஷெனோவுக்கு அங்கே உடம்பு தேறியது. சல்லிவனுக்கோ இறங்கவே மனசில்லை. கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் ஒரு பங்களா கட்டினார். சிறுமுகையிலிருந்து மலைப்பாதையும் வந்தது.

அடுத்தது ஊட்டி. தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கி, 1822-ல் கல் வீடு கட்ட ஆரம்பித்தார். மக்கள் வாயில் அது 'கல் பங்களா'. ஆங்கிலத்தில் ஸ்டோன்ஹவுஸ்.

இங்கிலாந்துப் பண்ணை வீடுகளைப் போல இதைச் சுற்றியும் தோட்டம் வந்தது. ஆனால் பூப்பாத்தியோடு நிற்கவில்லை. முட்டைக்கோஸ், டர்னிப், உருளைக்கிழங்கு, பார்லி, ஆப்பிள், பீச், ஸ்ட்ராபெர்ரி என்று எது இந்த மண்ணில் பிடிக்கும் என்று போட்டுப் பார்க்கும் இடம் அது. பக்கத்தில் ஓக் மரமும் நட்டார். நீரோடையை மறித்து, இன்று நாம் போட்டிங் போகும் ஏரியை 1820-களில் உருவாக்கியதும் அவர்தான். பலர் நினைப்பதுபோல பொட்டானிக்கல் கார்டன் மட்டும் அவருடையது இல்லை. அது 1848-ல் கியூ தோட்டத்திலிருந்து வந்த மெக்ஐவரின் கைவேலை.

காய்கறி விளைச்சல் படகர் விவசாயிகளின் கைக்குப் போய் மலையின் பிழைப்பாகவே மாறியது. தோடர்களுக்கு நடந்தது வேறு. எருமை மேய்ந்த புல்வெளிகள் பங்களாக்களாக, வயல்களாக மாறின. அவர்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு ரூபாய் கணக்கு.

இதில் ஒரு திருப்பம். மலை முழுக்கத் தோடர்களின் சொத்து, அவர்களுக்கு முழு உரிமை உண்டு என்று பின்னாளில் கம்பெனிக்குள் வாதாடியவரும் இதே சல்லிவன்தான். சல்லிசாக வாங்கியவரே இப்படிப் பேசியது முரண்தான். ஆனாலும் அதிகாரத்தில் இருந்தவர்களில் அதைச் சொல்ல ஆள் அபூர்வம். ஆளுநர் லஷிங்டனோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. வாதமும் எடுபடவில்லை. 1830-ல் கோவை கலெக்டர் பதவி முடிந்தது.

மனைவி ஹென்ரியட்டாவும் ஒரு மகளும் ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயக் கல்லறையில் இருக்கிறார்கள். சல்லிவன் 1855-ல் இறந்து, இங்கிலாந்தின் ஸ்லவ் அருகே அடக்கம் செய்யப்பட்டார். கல் பங்களா இப்போது ஊட்டி அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது.