பேனுக்கு இரத்தம் கொடுத்தவர்கள்

சுற்றிவளைப்பு நேரத்தில் சட்டைப்பையில் இருக்கும் ஒரு துண்டு அட்டையின் பெறுமதி எங்களுக்குத் தெரியும். ருடோல்ஃப் வைகிளின் வாழ்க்கையைப் படித்தபோது, அவர் கண்டுபிடித்த தடுப்பூசியைவிட, தன்னிடம் வேலை செய்தவர்களுக்கு அவர் பெற்றுக்கொடுத்த அட்டைதான் என் மனதில் நின்றது.

வைகிள் 1883 இல் இன்றைய செக் குடியரசில், ஜெர்மன் மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தார். தந்தையின் மரணத்தின் பின் தாய் போலந்துக்காரர் ஒருவரை மணந்தார். மகனும் போலந்துக்காரராகவே வளர்ந்தார். முதலாம் உலக யுத்தத்தில் ஒஸ்திரிய இராணுவத்தில் இருந்தபோது டைபஸ் காய்ச்சலை ஆராயத் தொடங்கினார். உடுப்புப் பேனால் பரவும் அந்த நோய், முகாம்களிலும் சிறைகளிலும் கூட்டங்கூட்டமாக ஆட்களைக் கொன்றது.

டைபஸ் கிருமி உயிருள்ள கலத்துக்குள் மட்டுமே பெருகும். ஆகவே அதைப் பேனுக்குள்ளேயே வளர்த்தார் வைகிள். மெல்லிய கண்ணாடிக் குழாயால் பேனின் குடலுக்குள் கிருமியைச் செலுத்தி, சில நாட்களின் பின் குடலை எடுத்து அரைத்துத் தடுப்பூசி செய்தார். பேன்களுக்கு மனித இரத்தம் வேண்டும். சிறு பெட்டிகளில் அவற்றை அடைத்து, காலில் கட்டிக்கொண்டு ஆட்கள் தினமும் இரத்தம் கொடுத்தார்கள்.

இன்று உக்ரேனில் இருக்கும் லிவிவ் நகரில் இருந்தது அவரது நிறுவனம். பக்கத்தில் இருந்து கையால் செய்து பழகவேண்டிய வேலை அது. 1920களின் தொடக்கத்தில் அப்படி அவரிடம் பழகிய உதவியாளர்களில் ஒருவர் லுட்விக் ஃபிளெக்.

1941 இல் ஜெர்மன் படை நகரைப் பிடித்தது. சில நாட்களிலேயே பேராசிரியர்கள் பலர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். பல்கலைக்கழகம் மூடப்பட்டது. தன்னை ஜெர்மன்காரர் என்று பதிவுசெய்ய வைகிள் மறுத்தார். ஆனால் படைக்குத் தடுப்பூசி தேவைப்பட்டது. அவர் அதைச் செய்துகொடுத்தார். ஆட்களைத் தானே தெரிவுசெய்வேன் என்பதில் மட்டும் உறுதியாக நின்றார்.

வேலையிழந்த ஆசிரியர்கள், மாணவர்கள், தலைமறைவு இயக்கத்தினர் எல்லோரும் பேனுக்கு இரத்தம் கொடுப்பவர்களாக உள்ளே வந்தார்கள். கணிதமேதை ஸ்டெஃபான் பனாக்கும், பின்னர் கவிஞராகப் புகழ்பெற்ற இளைஞர் ஸ்பிக்னியேவ் ஹெர்பெர்ட்டும் அவர்களில் அடக்கம். நிறுவனத்தின் அட்டையைக் கண்டால் சிப்பாய்கள் விட்டுவிடுவார்கள். பேன் தொற்றிவிடும் என்ற பயமும் இருந்தது. தடுப்பூசியில் ஒரு பகுதி இரகசியமாக வார்சோவின் யூதச் சேரிக்கும் போனது.

யூதரான ஃபிளெக்கை வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். புகன்வால்ட் முகாமில் அவரும் மற்றக் கைதிகளும் காவற்படைக்குப் பயனற்ற தடுப்பூசியைக் கொடுத்து, நல்லதைக் கைதிகளுக்கு ஒதுக்கினார்கள்.

யுத்தம் முடிந்ததும் வைகிள்மீது எதிரிக்கு ஒத்துழைத்தவர் என்ற பழி விழுந்தது. நோபல் பரிசுக்குப் பலமுறை பெயர் போயும் கிடைக்கவில்லை. 1957 இல் இறந்தார். யூதர்களைக் காத்தவர் என்று இஸ்ரேல் அவரைக் கௌரவித்தது 2003 இல்.

அந்தத் தடுப்பூசி ஜெர்மன் சிப்பாய்களையும் காப்பாற்றியது உண்மைதான். பிறர் அதிகாரத்தின் கீழ் ஆஸ்பத்திரியையும் பள்ளிக்கூடத்தையும் நடத்தியவர்களை எங்கள் ஊர்களிலும் இரண்டு பக்கமும் சந்தேகித்தது. அவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முன், அவர்களின் நிழலில் உயிர்தப்பிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒருக்கால் எண்ணிப்பார்க்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது.