கோட்டை கட்டிய துரையும் கோயில் காத்த மக்களும்

ஜெலாப்பாங், ஈப்போ வட்டாரத்துப் பள்ளி மாணவர்களுக்குச் சுற்றுலா என்றாலே பத்து காஜாவில் உள்ள கெல்லி கோட்டைதான் நினைவுக்கு வரும். அங்கே பேய் உலாவுகிறது, சுரங்கப் பாதை இருக்கிறது என்று கதைகள் பல கேட்டிருப்போம். அக்கோட்டையைக் கட்டிய மனிதரின் கதையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்பது நம்மவர்க்கு மட்டுமே உரிய மொழியன்று போலும்! 1890-இல், இருபதாவது வயதில், அவர் மலாயாவுக்குக் கப்பலேறினார். பேராவில் காடழிக்கும் குத்தகையைப் பெற்றிருந்த நில அளவையாளர் சார்லஸ் அல்மா பேக்கரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அதில் கிடைத்த இலாபத்தைக் கொண்டு கிந்தா மாவட்டத்தில் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் காட்டை வாங்கி, ரப்பர் பயிரிட்டார். பிறந்த மண்ணின் நினைவாகத் தோட்டத்திற்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர் சூட்டினார். ஈயத் தொழிலிலும் கால் பதித்தார்.

1903-இல் ஆக்னஸ் என்பவரை மணந்தார். மறு ஆண்டு மகள் ஹெலன் பிறந்தாள். 1909-இல் கெல்லாஸ் இல்லம் என்ற முதல் மாளிகை எழுந்தது. 1915-இல் மகன் அந்தோணி பிறந்தான். அந்த ஆண்டிலேயே, ராயா ஆற்றங்கரையில், அதைவிடப் பெரிய மாளிகைக்கு அடித்தளம் இட்டார். இங்கிலாந்துப் பிரபுக்களின் கிராமத்து மாளிகைகளைப் போல் தம் பரம்பரை வாழ ஒரு வீடு வேண்டும் என்பது அவர் கனவு. ஆறு மாடிக் கோபுரம், மின்தூக்கி, மொட்டை மாடி முற்றம் எனத் திட்டம் விரிந்தது. செங்கல்லும் ஓடும் இந்தியாவிலிருந்து வந்தன. கட்டும் கைகளும் தமிழகத்திலிருந்தே வந்தன.

அந்தக் காலக்கட்டத்தில்தான் உலகையே உலுக்கிய ஸ்பானியக் காய்ச்சல் தோட்டத்தையும் தாக்கியது. தொழிலாளர் பலர் மாண்டனர். எஞ்சியோர் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று துரையிடம் கேட்க, அவரும் இசைந்தார். மாளிகைக்குச் சற்றுத் தொலைவில் கோயில் எழுந்தது. நன்றி மறவா நம் மக்கள், கோயிலின் மேல் தெய்வச் சிலைகளோடு துரைக்கும் ஒரு சிலை வைத்தனர்.

துரையின் கனவோ நிறைவேறவில்லை. 1926-இல் ஐரோப்பா சென்றிருந்தபோது, போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகரில் நிமோனியா காய்ச்சலால் காலமானார். அப்போது அவருக்கு வயது 56. மின்தூக்கி வரவே இல்லை. குடும்பம் தோட்டத்தை ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்ஃபீல்டு நிறுவனத்திற்கு விற்றுவிட்டது. மாளிகையைக் காடு மூடியது.

இங்கிலாந்திலும் அதே நூற்றாண்டில் நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடிக்கப்பட்டன. வரிச்சுமை, வாரிசின்மை, வேலையாள் பற்றாக்குறை ஆகியவை அதற்குக் காரணங்கள். எஞ்சியவற்றைக் காக்க 1937-இல் அங்குள்ள தேசிய அறக்கட்டளை ஒரு திட்டம் வகுத்தது. உரிமையாளர் மாளிகையையும் அதன் பராமரிப்புக்கு வருமானம் தரும் சொத்தையும் அறக்கட்டளைக்கு எழுதிவைக்கலாம். குடும்பம் தொடர்ந்து அங்கேயே வசிக்கலாம். நிதியும் ஆளும் இல்லாமல் எந்தக் கட்டடமும் நிலைக்காது என்பதே இதன் பாடம்.

கெல்லி கோட்டையும் பின்னாளில் சீரமைக்கப்பட்டுச் சுற்றுலாத் தலமாயிற்று. 1999-இல் வெளிவந்த 'அன்னா அண்ட் த கிங்' என்ற ஆங்கிலப் படத்திலும் அது இடம்பெற்றது. இன்று நுழைவுச் சீட்டுப் பணம் அதைப் பராமரிக்க உதவுகிறது. ஆனால் கோயிலில் வழிபாடு தொடர்கிறது; அதைக் காத்தவர்கள் சாதாரணத் தோட்ட மக்கள். செல்வந்தர் கட்டியது பாழடைந்து மீண்டது. ஏழைகள் கேட்டுப் பெற்றது அணையா விளக்காய் நிற்கிறது.

துரையின் பெயர் கோட்டையிலும் உருவம் கோயிலிலும் உள்ளன. செங்கல் சுமந்து, காய்ச்சலில் மடிந்தவர்களின் பெயர்கள் எங்கே உள்ளன? நம் பாட்டன் பாட்டிமார் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிவைப்போம், தோழர்களே! நாளை கோட்டைக்குச் செல்வோர் கோயிலுக்கும் ஒரு நடை சென்று வாருங்கள்.