தூரத்தை வென்ற சேர் ஹட்சன் ஃபிஷ்

நம் பழைய மாணவிகளுள் பலர் இன்று மெல்பேணிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். அந்நாட்டின் குவாண்டாஸ் விமான சேவையை அறியாதார் இலர். அதைத் தொடங்கியோருள் ஒருவரின் வாழ்வு, ஒரு வைத்தியராக எனக்கு மிக நெருக்கமானது.

ஹட்சன் ஃபிஷ் 1895இல் தஸ்மானியாவிற் பிறந்தார். முதலாம் உலகப் போரில் குதிரைப்படையில் சேர்ந்து கலிப்பொலியில் போரிட்டார். பின்னர் பலஸ்தீனப் போர்முனையில் விமானப்படை அவதானிப்பாளராகப் பணியாற்றி விருது பெற்றார். அங்கே அவருடன் பறந்த விமானி போல் மக்கினஸ்.

போர் முடிந்ததும், இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியா வரையான விமானப் போட்டியில் பங்குபற்ற இருவரும் விரும்பினர். பண உதவி செய்யவிருந்த செல்வந்தர் இறந்துவிட, அக்கனவு கலைந்தது. போட்டியாளர் இறங்குவதற்கான இடங்களைத் தேடும் வேலையே அவர்களுக்குக் கிடைத்தது. 1919இல் குயின்ஸ்லாந்தின் லோங்ரீச்சிலிருந்து வடக்கு நோக்கி ஃபோர்ட் காரில் 1,354 மைல் சென்றனர். அதற்கு 51 நாட்கள் பிடித்தன. ஒழுங்கான வீதியோ பாலமோ இல்லை. மழை வந்தால் பண்ணைகள் தனித்துப் போகும். இந்நிலத்துக்கு விமானமே வழி என்பதை அப்பயணம் உணர்த்தியது.

பண்ணையாளர் ஃபேர்கஸ் மக்மாஸ்ரரின் துணையுடன் 1920 நவம்பர் 16இல் குவாண்டாஸ் பதிவானது. 1922இல் தபால் சேவை தொடங்கியபோது, முதற் பயணியான 84 வயது முதியவர் அலெக்சாண்டர் கென்னடியை ஏற்றிச் சென்ற விமானி ஃபிஷ். முன்னொரு காலத்தில் மாட்டுவண்டியில் மாதக்கணக்காகக் கடந்த நிலத்தை அம்முதியவர் அன்று வானிலிருந்து பார்த்தார்.

1928 மே மாதம், மதகுரு ஜோன் ஃபிளின் தொடங்கிய பறக்கும் வைத்தியர் சேவைக்கு விமானத்தையும் விமானியையும் வாடகைக்குக் கொடுத்தது குவாண்டாஸ். குளொங்கரியிலிருந்து முதலாவது வைத்தியர் பறந்தார். நோயாளியிடம் உரிய நேரத்திற் போய்ச் சேர்வதே பாதிச் சிகிச்சை என்பதை எம் தொழிலில் உள்ளோர் அறிவர்.

இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் வீழ்ந்து வான்வழி அறுந்தது. 1943 முதல் குவாண்டாஸின் கற்றலினா விமானங்கள் பேர்த்திலிருந்து நம் கொக்கல வாவிக்கு, வானொலித் தொடர்பின்றி, 30 மணி நேரமளவில் இடைநில்லாது பறந்தன. பயணிகள் வழியில் இரு சூரிய உதயங்களைக் கண்டனர். ஒரு விமானமேனும் இழக்கப்படவில்லை.

1953இல் சேர் பட்டம் பெற்ற ஃபிஷ், 1966இல் தலைவர் பதவியிலிருந்து ஓய்வுபெற்று 1974இல் மறைந்தார். விரும்பிய போட்டி அவருக்குக் கிட்டவில்லை. அதற்குப் பதிலாக வந்த சிறு வேலையை முழுமனதோடு செய்தார், செல்லும் வழியில் மக்களின் தேவையைக் கண்டார். விரும்பிய துறை கிடைக்காமல் வாடும் நம் தங்கைகளுக்கு இதைச் சொல்ல வேண்டுமெனத் தோன்றியது.