அள்ளிக் கொடுத்த மகாவித்துவான்

ஒருவரை மதிப்பிட வேண்டின் அவருடைய குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து, மிகுதியானதைக் கொள்ளுதல் தமிழர் அறிந்த முறை. வள்ளுவர் வகுத்த இத்தராசு பெரும்பாலோர்க்குப் பொருந்தும். ஆயினும் குணமும் குற்றமும் ஒரே வேரிலிருந்து கிளைத்து, இது குணம், இது குற்றம் எனப் பிரிக்க இயலாதபடி பின்னிக் கிடக்கும் வாழ்வுகளும் சில உண்டு. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்வு அத்தகையது.

பிள்ளையவர்கள் 1815ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை மதுரையிலிருந்து வடக்கே வந்து திருச்சிராப்பள்ளியை அடுத்த சிற்றூர்களில் குடியிருந்து, சிறுவர்க்குப் பாடம் சொல்லி வாழ்ந்தவர். அவரே மைந்தர்க்கு முதலாசிரியர். பிள்ளையவர்கள் இளம்பருவத்திலேயே தந்தையை இழந்தார். அதன்பின் தமிழ் அறிந்தவர் எங்கே இருப்பினும் தேடிச் செல்வதே அவர் வாழ்க்கையாயிற்று.

அக்காலத்தில் ஏட்டுச்சுவடி வைத்திருந்தோர் அதனை எளிதில் பிறர்க்குக் காட்டார். பாடம் சொல்ல வல்லவரும் பலநாள் காக்க வைத்தே சொல்வர். இரந்துண்டு திரிந்த பரதேசி ஒருவர் தண்டியலங்காரம் கற்றவர் என்று கேள்வியுற்ற பிள்ளையவர்கள், அவர் போகும் இடமெல்லாம் பின்சென்று, பணிவிடை செய்து அந்நூலைப் பாடம் கேட்டார். சென்னைக்குச் சென்று காஞ்சிபுரம் சபாபதி முதலியார், திருத்தணிகை விசாகப்பெருமாளையர் போன்ற புலவர்களிடமும் தம் ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார். கல்வியைத் துளித்துளியாகச் சேர்க்க நேர்ந்தவர் அதனைச் சிக்கனமாகவே பிறர்க்கு அளப்பார் என எதிர்பார்த்தல் இயல்பு. பிள்ளையவர்களிடம் நிகழ்ந்தது அதற்கு நேர்மாறானது. தமக்கு மூடப்பட்டிருந்த கதவுகள் அனைத்தையும் பிறர்க்குத் திறந்து வைத்தார்.

பாடம் கேட்க வந்தவரிடம் அவர் பொருள் பெற்றதில்லை. பலர்க்குத் தம் இல்லத்திலேயே உணவும் அளித்தார். சாதியோ சமயமோ அவருடைய பாடத்திற்குத் தடையாக நிற்கவில்லை. அவர் அழுந்திய சைவர். திருவாவடுதுறை ஆதீன வித்துவான். அவ்வாதீனத் தலைவர் அம்பலவாண தேசிகரால் மகாவித்துவான் என்னும் பட்டம் பெற்றவர். ஆயினும் நாகூர்க் குலாம் காதிறு நாவலர் அவருடைய மாணவர். கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளை அவருடைய நிழல்போல் உடனிருந்தவர். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை அவருடைய உற்ற நண்பர். அந்தக் கிறித்தவ நண்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்தூர்க்கோவை பாடினார் இந்தச் சைவப் புலவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய தியாகராச செட்டியாரும் அவரிடமே பயின்றார். 1871ஆம் ஆண்டில் மாயூரத்திற்கு வந்து சேர்ந்த பதினாறு வயது அந்தண இளைஞர் பின்னாளில் உ. வே. சாமிநாதையராக உலகறிய விளங்கினார். வேங்கடராமன் என்ற அவரது பெயருக்குப் பதிலாகச் சாமிநாதன் என்னும் பெயரை நிலைபெறச் செய்தவரும் பிள்ளையவர்களே.

மாணவர்க்குப் பாடத்தை அள்ளிக் கொடுத்தது போலவே கேட்டவர்க்கெல்லாம் கவியையும் அள்ளிக் கொடுத்தார். 19ஆம் நூற்றாண்டில் ஓர் ஊருக்குத் தலபுராணம் இருத்தல் பெருமையாகக் கருதப்பட்டது. கோயிலைச் சார்ந்தவர்களும் ஊர்ச் செல்வர்களும் வந்து வேண்டுவர். வடமொழியில் உள்ள தலவரலாற்றை ஒருவர் தமிழ் வசனமாகச் சொல்ல, அதனைப் புலவர் செய்யுளாக்குவார். நாட்டுப்படலம், நகரப்படலம் எனத் தொடங்கிக் காப்பிய உறுப்புகள் பலவும் அமைய நூல் வளரும். பின்னர்க் கோயிலில் நாள்தோறும் சில செய்யுட்களாக அரங்கேற்றம் நிகழும். முடிவில் புலவர்க்குச் சிறப்புச் செய்வர். இவ்வகையில் பிள்ளையவர்கள் பாடிய தலபுராணங்கள் இருபதுக்கும் மேற்பட்டன. திருநாகைக் காரோணப் புராணமும் கும்பகோணப் புராணமும் அவற்றுள் அடங்கும். பிள்ளைத்தமிழ்களும் அந்தாதிகளும் மாலைகளும் கோவைகளும் வேறு.

அவர் ஏடும் எழுத்தாணியும் கையில் எடுத்து உட்கார்ந்து யோசிப்பதில்லை. வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் ஒருவர் எழுதுவார். எழுதுபவரின் கை ஓயுமேயன்றிச் சொல்பவரின் வாக்கு ஓயாது. இடையே வந்தவரோடு உரையாடுவார். பின் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். யமகமும் திரிபும் அவரிடம் ஏவல் கேட்டு நின்றன. இத்தகைய ஆற்றல் எந்தப் புலவரையும் மலைக்கச் செய்வது.

அந்த ஆற்றலிலேயே அவருடைய குறையும் இருந்தது. இல்லை என்னும் சொல் அவர் நாவில் எழுந்ததில்லை. எந்த ஊரார் வந்து வேண்டினும் உடன்பட்டார். உள்ளம் தானே பொங்கிப் பாடியதும், பிறர் வேண்டுகோளுக்காகப் பாடியதும் ஒரே ஒழுக்காக ஓடின. நாட்டு வளமும் நகர் வளமும் ஊர்ப்பெயர் மாறினும் உருமாறாது திரும்பத் திரும்ப வந்தன. ஒரு பாடலை நிறுத்தி வைத்து, தேய்த்து, தள்ளுவன தள்ளிக் கொள்ளுவன கொள்ளும் ஓய்வை அவர் தமக்கு அளித்துக்கொள்ளவில்லை. பெருகியதைத் தடுக்கும் கரை அவர் கவிதைக்கு வாய்க்கவில்லை. அதனால் அப்பெரும் பரப்பில் இன்று புலவர் அல்லாதாரும் எடுத்துப் போற்றுவது சேக்கிழார் பிள்ளைத்தமிழ் போன்ற மிகச் சிலவே. சேக்கிழாரிடம் அவர் கொண்டிருந்த பேரன்பு அந்நூலில் ததும்புகிறது. தாமே விரும்பிப் பாடியபோது பிள்ளையவர்கள் எத்தகைய கவிஞர் என்பதை அது காட்டும்.

பொருள் வகையிலும் இதே இயல்புதான். புராணம் பாடிப் பெற்ற தொகை வீட்டிற்கு வரும். உடனிருந்து உண்பவர்க்கும் உதவி நாடி வந்தவர்க்குமாக விரைவில் கரையும். நாளைக்கு என்று எடுத்து வைத்தல் அவர் அறியாதது. கடன் ஒன்றைத் தீர்க்க வேறொரு கடன் வரும். மகனின் திருமணம் அச்சுமையை மேலும் பெருக்கிற்று. உடல் தளர்ந்த காலத்திலும் செல்வரை நாடி ஊர் ஊராகச் செல்லும் நிலை அவருக்கு ஏற்பட்டது. அவருடைய வண்மையின் புகழை ஊரார் பாடினர். அதன் விலையை வீட்டார் கொடுத்தனர். கொடையாளரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எழுதாமல் விடும் பகுதி இது.

அவருடைய அன்பிற்கும் ஓர் எல்லை இருந்தது. சாமிநாதையர் மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயின்றதை அறிந்தபோது பிள்ளையவர்கள் அதனை விரும்பவில்லை. இசையில் மனம் பற்றினால் இலக்கண இலக்கியத்தில் கருத்துக் குறையும் என்பது அவர் எண்ணம். மாணவர் இசைப் பயிற்சியை விட்டுவிட்டார். கதவுகளைத் திறந்து வைத்த கை ஒரு கதவைச் சாத்தவும் செய்தது. தமிழ் ஒன்றிற்கே தம்மை முழுதும் கொடுத்தவர், தம் மாணவரும் அவ்வாறே பிளவின்றிக் கொடுக்க வேண்டும் என எதிர்பார்த்தார். இக்குறுக்கமும் அந்தப் பெருக்கத்தின் மறுபுறமே.

அவர் காலத்துப் புலமையின் எல்லையும் அவருடைய எல்லையாயிற்று. புராணங்களும் பிரபந்தங்களும் அக்காலப் புலவரின் உலகம். அதற்கு அப்பால் இருந்த பழந்தமிழ் நூற்பரப்பு ஏடுகளில் உறங்கிக் கிடந்தது. 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், தாம் பயின்ற நூல்களை அடுக்கிச் சொன்ன சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் பற்றி வினவியபோதுதான் அவ்வெல்லை புலப்பட்டது. ஆயினும் அந்த எல்லையைக் கடக்கும் வலிமையைத் தந்ததும் பிள்ளையவர்களின் பாடமே. செய்யுளைக் கேட்ட அளவில் சீர் பிரிக்கவும், பிழைபட்ட ஏட்டில் மூலச் சொல்லை உய்த்துணரவும் வல்ல செவியை ஐந்தாண்டுப் பாடம் உருவாக்கியிருந்தது. 1887இல் சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும் சாமிநாதையர் பதிப்பாக வெளிவந்தன. ஆசிரியர் பாடாத நூல்களில், பாடம் சொல்லாத நூல்களில், அவருடைய உழைப்பு விளைந்தது.

1876ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் பிள்ளையவர்கள் திருவாவடுதுறையில் மறைந்தார். அந்த இறுதி வேளையில் அவர் உடலைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கியிருந்தவர் கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளை. திருவாசகத்து அடைக்கலப்பத்தை அருகிருந்து ஓதியவர் அந்தணராகிய சாமிநாதையர். கையிலிருந்த பொருள் எல்லாம் செலவாகி, கடன் மட்டுமே எஞ்சியிருந்த ஒருவரின் பக்கத்தில் அவர் சேர்த்து வைத்த செல்வம் உட்கார்ந்திருந்தது.

அந்த மாணவரே ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1933, 1934 ஆகிய ஆண்டுகளில், ஆசிரியரின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். ஆசிரியரின் வறுமையை அவர் மறைக்கவில்லை, கடனை மறைக்கவில்லை, இசையை விடச் சொன்னதையும் மறக்கவில்லை. எனினும் அவர் எழுத்தில் எவ்விடத்தும் கசப்பு இல்லை.

பிள்ளையவர்கள் சற்றே கணக்கு அறிந்தவராக இருந்திருப்பின் கடன் குறைந்திருக்கும். சற்றே மறுக்கத் தெரிந்தவராக இருந்திருப்பின் பாடல்கள் குறைந்து, நிலைப்பவை மிகுந்திருக்கும். ஆனால் அளந்து பார்க்கும் அந்த மனம், நாள் முழுதும் கூலியின்றிப் பாடம் சொல்லியிருக்குமா, யாவர்க்கும் ஒப்பச் சொல்லியிருக்குமா என்பது ஐயமே. கவிஞர் ஒருவர் தம் குறையைக் களையப் புகும்போது, அதன் வேர் எந்தக் குணத்தோடு பின்னியிருக்கிறது என்பதையும் கண்டு கொள்ளுதல் நலம். பிள்ளையவர்கள் பாடிய புராணங்களைத் தேடிப் படிப்போர் இன்று மிகச் சிலர். ஆனால் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் அச்சில் கையிலெடுக்கும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, அவரிடம் கடன்பட்டவரே.