நாடகக்கவி மெனாந்தர்

காதலர் இருவர் இடையூறு பல உற்று, ஈற்றில் மணம் புரிந்து மகிழ்வதாகிய களிநாடகம் இன்று வெள்ளித்திரையில் யாவர்க்கும் பழக்கமானதே. அதன் முன்னோரைத் தேடிச் செல்வார் கிரேக்க தேசத்து மெனாந்தரையே அடைவர். (பௌத்த நூல்கள் மிலிந்தர் எனக் கூறும் யவன மன்னர் வேறு, நம் கவி அவருக்கு ஒரு நூற்றாண்டிற்கு மேல் முற்பட்டவர்.)

இவர் கி.மு. 342-ஐ ஒட்டி அத்தேனே பட்டணத்திற் பிறந்தார். தத்துவஞானி எப்பிக்கூர் இவர்தம் இளமைத் தோழர். இருவரும் வாலிபராயிருந்த கி.மு. 322-இல் மக்கெதோனியர் அந்நகரின் குடியாட்சியை ஒடுக்கினர். ஆள்வோரைப் பேர் சொல்லி நகையாடிய பழைய களிநாடகம் முன்னரே மெலிந்திருந்தது; இப்போது நாடகம் வீட்டு வாயிலை நோக்கித் திரும்பிற்று. மெனாந்தர் நூற்றுக்கு மேற்பட்ட நாடகங்கள் இயற்றியும் 8 முறையே பரிசு பெற்றார். பிலேமோன் என்னும் போட்டியாளரே அவையோர்க்கு உவப்பாயிருந்தார் போலும்!

அடிமையும் சமையற்காரனும் கணிகையும் முன்னும் மேடை ஏறியதுண்டு. பெரும்பாலும் சிரிப்பிற்கென்றே ஏறினர். அவர்க்கும் நெஞ்சமொன்று உண்டெனக் காட்டியதே மெனாந்தரின் பெருமை என்பது எம் துணிபு.

'மத்தியஸ்தத்திற்கு விடுவோர்' எனப் பொருள்படும் நாடகத்தைக் காண்க. கரிசியோஸ் என்பான், தன் மனைவி பாம்பிலே மணமான ஐந்தாம் மாதத்தில் மகவீன்று மறைத்தாள் என அறிந்து வீட்டை விட்டு நீங்குகின்றான். கூலிக்கு அமர்த்திய யாழ்க்கணிகை அப்ரோதொனோனையும் தீண்டாது வாடுகின்றான். புறத்தே விடப்பட்ட அக்குழந்தையுடன் கிடந்த மோதிரமோ அவனுடையதே! மணத்திற்கு முன் திருவிழா இரவொன்றில், குடிவெறியில், அவன் கெடுத்த கன்னி பாம்பிலேயே; இருவரும் அதனை அறியார். தானே தாயென நடித்து அவன் குற்றத்தை வெளிப்படுத்துகின்றாள் அப்ரோதொனோன். அவ்வேடத்தில் நிலைத்திருப்பின் அவளுக்கு அடிமைத்தளை நீங்கும். விடுதலையை விரும்பியவளே அவள். ஆயினும் பாம்பிலேயைக் கண்டதும் உண்மையை உரைத்துவிடுகின்றாள். தந்தை வற்புறுத்தியும் தன்னைப் பிரிய மறுக்கும் மனைவியின் சொல்லை ஒளிந்து கேட்ட கரிசியோசும், தனக்கொரு நீதி, அவளுக்கொரு நீதி வைத்தமைக்கு நாணுகின்றான்.

குறையையும் மறைத்தல் தகாது. பெண்வேடங்களை முகமூடியணிந்த ஆடவரே ஆடினர். மணமாகாக் குலமகள் மேடையிற் பேசுவது அரிது. கன்னியைக் கெடுத்த கொடுமை திருமணத்தால் தீர்ந்ததாகவே கொள்ளப்படும். அடிமைமுறை வேண்டுமா என்று யாரும் வினவுவதில்லை. இவற்றைப் படிக்குந்தோறும் எமக்கு மனம் உறுத்துகின்றது. எனினும் அக்கதையில் மிக்க அறிவும் மிக்க இரக்கமும் ஓர் அடிமைப் பெண்ணிடத்தன்றோ வைக்கப்பட்டன!

பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம் 15-ஆம் அதிகாரத்தில் எடுத்தாளும் பழமொழி, மெனாந்தரின் 'தாயிஸ்' நாடகத்தினது என்பர். தாயிஸ் ஒரு கணிகை. அவள் பெயர் தாங்கிய நாடகத்தின் அடியொன்று வேதாகமத்தில் இடம்பெற்றமை எமக்கு வியப்பே.

ஏறத்தாழ கி.மு. 290-இல் பிரேயுத் துறைமுகத்தில் நீந்துகையில் மூழ்கி இறந்தார் என்பது பழங்கூற்று. பிளாத்தும் தெரென்சும் அவர் கதைகளை இலத்தீனில் தழுவினர், மூலநூல்களோ மறைந்தொழிந்தன. 1905-இல் எகிப்து தேசத்துக் கோம் இஷ்காவில், பழைய வழக்கறிஞர் ஒருவரின் இல்லத்திருந்த சாடியொன்று அகப்பட்டது. அதிலிருந்த பத்திரங்களுக்கு மேல்மூடியாகக் கிழிந்த பாப்பிரசு ஏடுகள் சில இடப்பட்டிருந்தன. அப்ரோதொனோன் அவ்வேடுகளிலிருந்தே நமக்குக் கிடைத்தாள்.